மணிக்கு ஒரு மாத்திரை

அப்பா சர்க்கரை நோய்க்கான மாத்திரையைப் போட்டதை மறக்க ஆரம்பித்தார். போடாமல் விட்டிருந்தால்கூட அவ்வளவு பயம் இருந்திருக்காது. போட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். "போட்டுக்கினேனாமா?" என்று கேட்பார். நான் வீட்டில் இருந்தால் பதில் சொல்லலாம். இல்லாத நேரத்தில் யாரைக் கேட்பார்?

அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலாஜாபாத் பக்கம் ஓடிய வண்டியில் பல வருடம் நின்றபடியே வேலை பார்த்தார். கூட்டத்தில் யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும் என்று டிக்கெட் கிழிக்கும்போதே மனதில் வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் இப்போது கையில் அட்டையுடன் என் முகத்தைப் பார்த்து நின்றார். அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவேன்.

என் வேலை கணினியில் சேலை டிசைன் போடுவது. கரையில் வரும் கொடியையும் நடுவில் வரும் புட்டாப் பூவையும் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பேன். ஒரு கட்டம் தவறினால் தறியில் ஓர் இழை தவறும். அதனால் எதையும் நிதானமாகச் செய்கிறவள் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பில்தான் மாத்திரைப் பெட்டியைச் செய்ய உட்கார்ந்தேன்.

வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உள்ளங்கை அளவு நீல நிற போர்டு ஒன்று. அதில் நாம் எழுதும் புரோகிராம் ஓடும். பொம்மைக் காரில் இருக்குமே, மஞ்சள் நிறத்தில், அந்த மாதிரி சின்ன மோட்டார் ஒன்று. பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வெட்டி, சுற்றிலும் பதினான்கு அறை வைத்து ஒரு சக்கரம் செய்தேன். அறைக்கு ஒரு மாத்திரை. மோட்டார் சக்கரத்தை ஓர் அறை நகர்த்தினால், அடித்தட்டில் இருக்கும் ஓட்டை வழியாக ஒரு மாத்திரை கீழே வைத்திருக்கும் டம்ளரில் விழும்.

முதல் தடவை மோட்டாரின் இரண்டு ஒயரையும் போர்டில் நேராகச் சொருகினேன். மோட்டார் சுற்றவில்லை, முனகியது. போர்டு சூடாகிவிட்டது. பயந்து பிடுங்கினேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, போர்டில் ஒயர் சொருகிய அந்த முனையில் ஒரு சின்ன விளக்கை எரிக்கத்தான் மின்சாரம் வரும், மோட்டாரை இழுக்க வராது என்று. நடுவில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டேன். மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி மிச்சமிருந்தது. பார்த்த எல்லா வீடியோவிலும் ஒரே பேச்சுதான்: மோட்டாருக்குத் தனியாக மின்சாரம் கொடுங்கள், போர்டிலிருந்து எடுக்காதீர்கள். தனியாகக் கொடுத்தால் இரண்டு சார்ஜர், இரண்டு பிளக். அப்பா எந்தப் பிளக்கைப் பார்த்தாலும் பிடுங்கி வைக்கிறவர். அதனால் ஒன்றே போதும் என்று, போர்டுக்கு வரும் மின்சாரத்திலிருந்தே மோட்டாருக்கும் ஒயர் இழுத்தேன். சுற்றியது. என் போனின் புது சார்ஜரில் அழகாகச் சுற்றியது.

போர்டுக்கு மணி பார்க்கத் தெரியாது. மின்சாரம் வந்த நேரத்திலிருந்து எண்ணத்தான் தெரியும். அதற்குத் தகுந்தபடி எழுதினேன். நான் ஏழரைக்குக் கிளம்பும்போது சுவிட்சைப் போடுவேன். ஒரு மணி நேரம் கழித்து, அப்பா சாப்பிட உட்காரும் எட்டரைக்கு, பெட்டி பீப் பீப் என்று மணி அடித்து ஒரு மாத்திரையைத் தள்ளும். அதன் பிறகு, மாலையில் அணைத்து மறுநாள் நான் மறுபடி சுவிட்ச் போடும்வரை சும்மா இருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். "மணி அடிச்சா போய் எடுத்துப் போட்டுக்கோ. அடிக்கலன்னா போடாத. போட்டோமா இல்லியான்னு நீ யோசிக்கவே வேணாம்பா."

"சரிமா. நீ சொன்னா சரி" என்றார்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை, ஆபீசில் இருந்த சார்ஜர் கெட்டுப்போயிருந்தது ஞாபகம் வந்தது. பெட்டியில் இருந்த என் சார்ஜரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மேசை இழுப்பறையில் அப்பாவின் பழைய பட்டன் போனோடு வந்த சார்ஜர் கிடந்தது. அதைப் பெட்டிக்குச் சொருகினேன். விளக்கு எரிந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பதினொன்றே முக்காலுக்கு நான் வீட்டுக்குப் போன் செய்தது கேஸ் சிலிண்டருக்காக. வழக்கமாக ஒரு மணிக்குத்தான் பேசுவேன்.

"சிலிண்டர் வந்துச்சாப்பா?"

"இன்னும் வர்லமா. வாசல்லயேதான் குந்திக்கினு இருந்தேன். நடுவுல மணி அடிச்சிது. உள்ள போய் மாத்திரைய எடுத்துக்கினு வந்தேன்."

"காலையில போட்டதச் சொல்றியா?"

"இல்லமா. இப்பதான். பத்து நிமிசம் ஆவுது."

என் திரையில் ஒரு கரையின் கட்டங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் புரியவில்லை.

"காலையில மணி அடிக்கலியா?"

"அடிச்சிதே. அப்புறமும் அடிச்சிது. அது அடிக்கசொல்ல எல்லாம் நான் போய்க்கினுதான் இருக்கேன்."

எழுந்து நின்றுவிட்டேன். "எத்தினி மாத்திரை போட்டப்பா?"

"தெர்லியேமா. மணிக்கு ஒண்ணு."

"ஒடம்பு எப்படி இருக்குது?"

"வேர்த்து ஊத்துது. வெயில்ல குந்திக்கினு இருந்தேன்ல, அதான். கையி நடுங்குது. பசிக்கிறாப்பல இருக்குது."

சர்க்கரை மாத்திரை அளவு மீறினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். வேர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், பேச்சு குழறும், பிறகு நினைவு போகும். அந்தப் பட்டியலின் முதல் மூன்றையும் அப்பா வரிசையாகச் சொல்லிவிட்டார்.

"அப்பா, கேளு. ஒடனே சர்க்கரை எதனா சாப்புடு. ஒரு கைப்பிடி வாயில போடு."

"சர்க்கரையா? நம்ம வூட்ல ஏதுமா சர்க்கரை. நீதான கூடாதுன்னு எல்லாத்தியும் எடுத்துட்ட."

உண்மைதான். வீட்டில் சர்க்கரை இல்லை, வெல்லம் இல்லை, பிஸ்கட்கூட உப்பு பிஸ்கட். அவர் கைக்கு எட்டக்கூடாது என்று நானே ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்திருந்தேன்.

"அப்ப சோறு எடுத்துச் சாப்புடு. குக்கர்ல இருக்குது. போன வெக்காத. பேசிக்கினே போ."

அவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. கதவு இடித்தது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, வேறு யாரிடமோ பேசுகிற குரலில், "எந்த ஸ்டாப்பு?" என்றார்.

"அப்பா."

"எங்க எறங்கணும்? சொல்லும்மா, எங்க எறங்கணும்?"

போன் கீழே விழுந்தது. இணைப்பு போகவில்லை. நான் கூப்பிடக் கூப்பிட ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

ஸ்கூட்டியை எப்படி எடுத்தேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை. ஆபீஸ் சின்ன காஞ்சிபுரத்தில், வீடு பிள்ளையார்பாளையத்தில். சாதாரண நாளில் இருபது நிமிடம். அன்று சுவாமி புறப்பாடு. தெருமுனையிலேயே கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. குடையும் பாசுரம் சொல்லும் கோஷ்டியும் மெல்ல நகர்ந்து வந்தன. எல்லோரும் கை கூப்பி நின்றார்கள். நான் ஹாரனில் விரலை வைத்தேன். ஒருவர் திரும்பி முறைத்தார். விரலை எடுத்துவிட்டேன். சுவாமி என்னைக் கடந்து போனபோது கும்பிடத் தோன்றவில்லை. சீக்கிரம் போகட்டும் என்று மட்டும் இருந்தது. அப்படி நினைத்தது வேறு பயமாக இருந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா ஞாபகத்துக்கு வந்தார். நின்ற இடத்திலிருந்தே அவருக்குப் போன் செய்தேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கணவனும் மனைவியும் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார்கள். தறி ஓடும்போது அந்த வீட்டில் போன் அடித்தால் கேட்காது. முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தார்.

"அக்கா, எங்கப்பா மயங்கிட்டாருன்னு நெனைக்கிறேன். கொஞ்சம் ஓடிப் பாருங்கக்கா. சர்க்கரை எடுத்துக்கினு போங்க."

"சர்க்கரையா? அவருக்கா?"

"ஆமாக்கா. சர்க்கரை எறங்கிடுச்சி. முழுசா நெனவு இல்லன்னா தண்ணி ஊத்தாதீங்க. ஈறுல தடவுங்க."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தறி நிற்பதும் அவர் ஓடும் சத்தமும் போனில் கேட்டன.

சந்து சந்தாக நுழைந்து நான் வீட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. கதவு திறந்திருந்தது. அப்பா கூடத்துச் சுவரோரம் சரிந்து கிடந்தார். சட்டை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் வீட்டிலிருந்து எடுத்து வந்த தேனை விரலில் தொட்டு அவர் கன்னத்துக்குள் தடவிக்கொண்டிருந்தார்.

"முழுங்குறாரு. கொஞ்சம் கொஞ்சமா முழுங்குறாரு" என்றார் அக்கா. "நான் வர்றசொல்ல அந்தப் பொட்டிகிட்ட கெடந்தாரு. ஆட்டோவ எங்க வூட்டுக்காரருதான் கூட்டியாந்தாரு. தூக்கு."

மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். அப்பா அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

அரசு மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், எண்ணைச் சொல்லாமல் டாக்டரைக் கூப்பிட்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் விட்டார்கள். சில நிமிடங்களில் அப்பாவின் கண் அசைந்தது. என்னைப் பார்த்து, "சிலிண்டர் வந்திச்சா?" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பயம் குறையவே இல்லை.

டாக்டர் என் வயதுப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எழுந்துட்டாரேன்னு நினைக்காதீங்க. இந்த மாத்திரை ஒடம்புல நாள் முழுக்க வேலை செய்யும். சர்க்கரை திரும்பத் திரும்ப எறங்கும். எத்தனை போட்டாரு?"

"தெரியல டாக்டர்."

"யாரு குடுத்தது?"

"ஒரு பொட்டி. மோட்டார் வெச்சி நான் செஞ்சது. தப்பா குடுத்துட்டுது போல."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால், "எத்தனைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

அக்காவை அப்பாவோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பூட்டாமல் சாத்திவிட்டுப் போன கதவைத் தள்ளினேன். கூடத்துத் தரையில் தேன் சிந்தி எறும்பு வந்திருந்தது. அப்பாவின் போன் சமையலறை நிலைப்படியில் கிடந்தது. பெட்டி அருகிலேயே கூடத்து மேசைமேல் அதன் இடத்தில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

கிட்டே போனேன். டம்ளரில் ஒரு மாத்திரை கிடந்தது.

நாங்கள் கிளம்பிப் போன பிறகு, ஆளில்லாத வீட்டில், பன்னிரண்டரைக்கு அது மணி அடித்து, ஒரு மாத்திரையைத் தள்ளிவிட்டுக் காத்திருந்திருக்கிறது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே பீப் பீப் என்று மறுபடி ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது. கை நீட்டிப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் என்னால் அசைய முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

மணி நின்றது. மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. சக்கரம் நகர்ந்து, அறை சரியாக ஓட்டைக்கு மேல் வந்தபோது கிர்ரென்று உரசியது. நான் பிளேடைச் சூடாக்கி வெட்டிய இடத்தில் பிசிறு இருந்தது. அதில் சிக்கி மோட்டார் திணறியது. மாத்திரை டம்ளரில் விழுந்தது. அதே நொடியில் பச்சை விளக்கு அணைந்தது. பிறகு மறுபடி எரிந்தது. புதிதாக யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி.

எல்லாம் புரிந்துவிட்டது. திணறுகிற மோட்டார் தனக்கு வேண்டியதையெல்லாம் இழுத்துக்கொண்டது. புது சார்ஜர் அதைத் தாங்கியது. பழைய சார்ஜரால் முடியவில்லை. போர்டுக்கு மின்சாரம் போதாமல் ஒரு கணம் அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒரு மாத்திரை கொடுத்தாயிற்று என்பது அதற்குத் தெரியாது. நான் இப்போதுதான் சுவிட்ச் போட்டிருக்கிறேன் என்று நினைத்து ஒரு மணி நேரம் எண்ணும். எண்ணி முடித்து மணி அடிக்கும். மறுபடி மோட்டார், மறுபடி திணறல்.

ஒயரைப் பிடுங்கினேன். இழுத்த வேகத்தில் சார்ஜரும் சுவரிலிருந்து வந்துவிட்டது.

தரையில் உட்கார்ந்து எண்ணினேன். எண்ணிக்கை இரண்டு தடவை விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை பதினான்கு அறையும் நிரப்பினேன். திங்கள், செவ்வாய், புதன், மூன்று போயிற்று. வியாழன் காலை பதினொன்று. இப்போது சக்கரத்தில் ஐந்து. ஆறு விழுந்திருக்கிறது, அதில் இரண்டு டம்ளரில். அப்பாவின் வயிற்றில் நான்கு. ஒன்று போட வேண்டிய இடத்தில் நான்கு.

திரும்பிப் போய் டாக்டரிடம் நான்கு என்று சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்போது நர்ஸ், நனைந்த சட்டையைக் கழற்றி வைத்ததாகச் சொல்லி என்னிடம் ஒரு பையைக் கொடுத்தார். எப்போதும் பாக்கெட்டைப் பார்க்கிற பழக்கத்தில் கையை விட்டேன். வேர்வையில் ஊறிக் கரையத் தொடங்கியிருந்த ஒரு மாத்திரை விரலில் ஒட்டியது.

"மூணு டாக்டர்" என்றேன். "நாலு இல்ல. மூணு."

"மூணும் அதிகந்தான்" என்றார். ஆனால் அவர் எழுதிக்கொண்டபோது பேனா கொஞ்சம் நிதானமாக ஓடியது போல எனக்குத் தோன்றியது.

அவர் சொன்னது போலவே சர்க்கரை மாலையில் மறுபடி இறங்கியது. மறுநாள் விடியும்முன் இன்னொரு முறை. ஒவ்வொரு முறை விரலில் குத்தும்போதும் நான் அந்தச் சின்னத் திரையைப் பார்க்க மாட்டேன். நர்ஸின் முகத்தைத்தான் பார்ப்பேன். அப்பா தூங்கினால் மயக்கமோ என்று எழுப்புவேன். "தூங்க வுடேம்மா" என்று சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பு கேட்டால் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு மறுபடி எழுப்புவேன். சனிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார், சார்ஜர், தனியாக மின்சாரம் கொடுக்கச் சொன்னதை நான் கேட்காமல் விட்டது, எல்லாம். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. கடைசியில், "நான் பண்ண தப்புப்பா. நீ ஒண்ணும் மறக்கல" என்றேன்.

அப்பா தன் கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஞாபகம் இருந்திச்சும்மா" என்றார்.

"எது?"

"காலையில போட்டது. ரெண்டாவது வாட்டி அடிக்கசொல்ல, போட்டாச்சேன்னு தோணுச்சி. நல்லாவே தோணுச்சி. ஆனா நீ யோசிக்காதன்னு சொன்ன. எனக்குதான் ஞாபகம் கெட்டுப் போச்சே, மிசினு தப்பா அடிக்குமான்னு போட்டுக்கினேன். கடைசியா ஒண்ண மட்டும் மனசு கேக்கல. சட்டையில போட்டு வெச்சேன்."

மருத்துவமனையில் வராத அழுகை அப்போது வந்தது. அப்பா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சிலிண்டர்காரன் வந்தானா என்று அக்காவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி எதிர்வீட்டுக்குப் போனார்.

சில வாரங்கள் கழித்துப் பெட்டியை மறுபடி எடுத்தேன். பிசிறைத் தேய்த்து எடுத்தேன். மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுத்தேன். காலி அறைகளோடு ஒரு ஞாயிறு முழுக்க, சுவிட்சை மறுபடி மறுபடி அணைத்துப் போட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். பழைய சார்ஜரிலும் ஓடியது. ஒரு தடவைகூட விளக்கு அணையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் தலையை ஆட்டி ஒன்றுமில்லை என்றேன். மாலையில் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் மறுநாளுக்கான ஒரே ஒரு மாத்திரையை ஒரு கிண்ணத்தில் வைக்கிறேன். அட்டையை நான் எடுத்துப் போய்விடுகிறேன். எட்டரைக்கு நானே போன் செய்கிறேன். "போட்டாச்சி, கிண்ணம் காலி" என்று அப்பா சொல்வார். நான் அதோடு விடாமல், "உனக்கு ஞாபகம் இருக்குதா, போட்டது?" என்றும் கேட்பேன். சில நாள் இருக்குது என்பார். சில நாள் யோசித்துவிட்டு, "இல்லமா, ஆனா கிண்ணம் காலிதான்" என்பார்.

அவர் எடுப்பதற்கு முன் போன் நான்கைந்து தடவை அடிக்கும். வாசலிலிருந்து உள்ளே வர வேண்டுமே, அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். ஆனால் மூன்றாவது தடவை அடிக்கும்போதே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். பக்கத்து மேசைப் பெண், "உக்காருங்கக்கா, எடுப்பாரு" என்று சொல்வாள். வண்டிச் சாவி என் கையில் இருக்கும்.